வேலிக்கு அப்பால் ஒரு சாண்



தவக்காலம் வந்தால் எங்கள் வீடுகளில் மச்சமாமிசம் குறைகிறது. வெள்ளிதோறும் சிலுவைப்பாதைக்குச் செல்கிறோம். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் வரிசையில் நிற்கிறோம். கோபித்தேன், பொய் சொன்னேன், ஞாயிறு பூசைக்குப் போகத் தவறினேன் என்று அறிக்கையிடுகிறோம். ஆனால், "சுவாமி, என் வேலி என் காணிக்குள் நிற்கவில்லை" என்று சொன்னவர்கள் எங்களில் எத்தனை பேர்?

வேலி எப்படி நகர்கிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பழைய கதியால் உக்கிவிட்டது என்று புதியது நடுகிறோம். நடும்போது ஒரு சாண் அப்பால் நடுகிறோம். அடுத்த அடைப்பில் இன்னுமொரு சாண். நூறு அடி நீளமான எல்லையில் நான்குமுறை ஒவ்வொரு சாண் நகர்ந்தால் அது மூன்றடி அகலம். முந்நூறு சதுர அடி. ஒரு பேர்ச் காணி 272¼ சதுர அடிதான். ஆகவே ஒருவரும் காணாமல், ஒரு சத்தமுமின்றி, அயலவரின் காணியில் ஒரு பேர்ச்சுக்கு மேல் எங்கள் வளவுக்குள் வந்துவிட்டது. கள்ளன் இரவில் வருவான். இந்தக் களவோ பட்டப்பகலில், கூலிக்கு ஆள் வைத்து நடக்கிறது.

பழைய ஏற்பாட்டில் இறைவன் இதைச் சிறிய காரியமாக எண்ணவில்லை. அயலானின் எல்லைக் கல்லை நகர்த்தலாகாது என்று இணைச்சட்டம் 19ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. அதே நூலின் 27ஆம் அதிகாரத்தில், எல்லையை நகர்த்துகிறவன் சபிக்கப்பட்டவன் என்று அறிவிக்கப்பட, மக்கள் அனைவரும் ஆமென் என்கிறார்கள். அநாதைகளின் நிலத்துக்குள் புகாதே, அவர்களுக்காக வழக்காடுகிறவர் வல்லவர் என்று நீதிமொழிகள் 23ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. ஆகாபு அரசன் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தில் ஆசை வைத்தான். ஆசை பொய்ச்சாட்சியாயிற்று, பொய்ச்சாட்சி கொலையாயிற்று. அரசர்களின் முதலாம் நூல் 21ஆம் அதிகாரத்தை இன்றிரவு செபமாலைக்குப் பின் குடும்பமாக வாசித்துப் பாருங்கள். பத்தாம் கற்பனையில் தொடங்கிய வீழ்ச்சி எட்டாம், ஐந்தாம், ஏழாம் கற்பனைகளை எப்படி ஒன்றாக உடைத்தது என்பது விளங்கும்.

எங்கள் மண்ணில் இந்தப் பாவத்துக்கு இன்னுமொரு வடிவம் உண்டு. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு தென்மராட்சிப் பக்கமாக நடந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ இடப்பெயர்வுகள். அப்படிப் புறப்பட்ட ஒரு குடும்பத்தை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். திறப்பை அயல்வீட்டில் கொடுக்கிறார்கள். "அக்கா, வளவை ஒருக்கால் பார்த்துக்கொள்ளுங்கோ" என்கிறார்கள். பிறகு அவர்கள் வன்னிக்கும் அங்கிருந்து கடல் கடந்தும் போய்விடுகிறார்கள். அக்கா முதலில் உண்மையாகவே பார்த்துக்கொள்கிறார். தேங்காய் விழுகிறது, எடுக்கிறார், அது தவறில்லை. வருடங்கள் ஓடுகின்றன. நடுவேலி விழுகிறது, மீண்டும் கட்டப்படவில்லை. ஒருநாள் பிள்ளைகள் கேட்கிறார்கள்: "அம்மா, அதுவும் எங்கட காணிதானே?" அந்தத் தாய் மௌனமாக இருக்கிறார். அந்த மௌனத்தில்தான், அன்பர்களே, பாதுகாவல் களவாக மாறியது.

"பத்து வருடம் ஆண்டுவிட்டோம், சட்டம் எங்கள் பக்கம்" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், பத்து வருடம் இடையறாது எதிருரிமையாக ஆண்டவர் உரித்துக் கோர இடமுண்டு. போர்க்காலத்தில் நீதிமன்றம் செல்ல முடியாதிருந்தவர்கள் இதனால் நட்டமடையக் கூடாதென்று 2016இல் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டமும் கொண்டுவரப்பட்டது. சட்டம் செய்யும் வேலையைச் சட்டம் செய்யட்டும். ஆனால் மனச்சாட்சிக்கு வேறொரு நீதிமன்றம் உண்டு. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், நன்னம்பிக்கை இல்லாமல் எத்தனை காலம் ஆண்டாலும் அந்த ஆட்சி உரிமையாகாது என்று தீர்ப்புக் கூறியது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பும் 198ஆம் சட்டத்தில் அதையே சொல்கிறது: ஆட்சி தொடங்கிய நாளில் மட்டுமல்ல, அந்தக் காலம் முழுவதிலும் நன்னம்பிக்கை இருக்கவேண்டும். இது பிறருடையது என்று தெரிந்துகொண்டே ஆள்பவருக்குப் பத்து வருடமும் ஒன்றுதான், நூறு வருடமும் ஒன்றுதான்.

"பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேனே" என்பீர்களா? மன்னிப்பு உண்டு. இறைவனின் இரக்கத்துக்கு எல்லைவேலி இல்லை. ஆனால் திருடிய மாட்டைத் தன் கொட்டிலில் கட்டிவைத்துக்கொண்டு, திருடியதற்காக மனம் வருந்துகிறேன் என்பவனின் வருத்தத்தை யார் நம்புவார்? மோசேயின் சட்டத்தில், குற்றம் செய்தவன் அதை அறிக்கையிட்டு, எடுத்ததை முழுமையாகத் திருப்பிக் கொடுத்து, ஐந்திலொரு பங்கையும் கூட்டிக் கொடுக்கவேண்டும் என்று எண்ணிக்கை நூல் 5ஆம் அதிகாரம் கூறுகிறது. சக்கேயு அதற்கும் மேலே போனார். தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றியதை நான்கு மடங்காக உரியவர்களுக்கும் கொடுப்பதாக ஆண்டவர் முன்னிலையில் எழுந்து நின்று சொன்னார். அந்த வீட்டுக்கு மீட்பு வந்ததென்று ஆண்டவர் அறிவித்தது அதற்குப் பின்னர்தான்.

இனி, செய்யவேண்டியது என்ன?

உறுதியை எடுத்து, நில அளவையாளரைக் கொண்டு எல்லையைப் பாருங்கள். செலவை இருபக்கமும் பகிர்ந்துகொள்ளலாம். பொதுக் கிணற்றின் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் உறுதியில் எப்படி எழுதப்பட்டிருக்கின்றனவோ அப்படியே நடக்கட்டும். உரியவர் வெளிநாட்டில் இருந்தால் தொலைபேசியில் அழையுங்கள். அவர் இறந்திருந்தால் பிள்ளைகளைத் தேடுங்கள். அடைக்கலமாகத் தந்த நகையோ பாத்திரமோ இருந்தால் ஒப்படையுங்கள். விற்றுச் சாப்பிட்டிருந்தால் அதன் பெறுமதியைக் கொடுங்கள். முழுவதும் ஒரே தடவையில் கொடுக்க இயலாவிடில் சிறுகச்சிறுகக் கொடுங்கள். வெட்கம் தடுக்கிறதென்றால் குருவானவர் மூலமாகக் கொடுப்பிக்கலாம். உங்கள் பெயர் வெளியே வரத் தேவையில்லை. எவ்வளவு தேடியும் உரியவரோ உரித்தாளரோ இல்லையென்றால், அந்தப் பொருள் ஏழைகளைச் சேரட்டும். அது எங்களுடையது என்று மட்டும் எண்ணவேண்டாம்.

இன்னுமொரு கேள்வி உங்கள் நெஞ்சில் எழும் என்பதை அறிவேன். "எங்களிடமிருந்து எடுத்தவர்கள் திருப்பித் தந்தார்களா? எங்கள் காணியை, எங்கள் வீட்டை, எங்கள் பிள்ளைகளை இழந்தோமே!" இது நியாயமான கேள்வி, கண்ணீரோடு கேட்கப்படும் கேள்வி. பறிபோன காணியைக் கேட்பது எங்கள் உரிமை, கேட்கத்தான் வேண்டும். ஆனால் பெரியவர்களிடம் நீதி கேட்டு நீட்டும் கையில், அநாதைப் பிள்ளைகளின் ஒரு சாண் மண் ஒட்டிக்கொண்டிருக்கலாமா? எங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி, நாங்கள் இழைக்கும் அநீதிக்கு உறுதி எழுதித் தராது.

இழந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. அயலவர் ஒருநாள் படலையைத் திறந்து, தலைகுனிந்து உங்கள் முற்றத்தில் வந்து நின்றால், பழைய கணக்கெல்லாம் வாசித்துக் காட்டாதீர்கள். அந்தப் படலையைத் திறக்க அவருக்கு எத்தனை வருடம் எடுத்ததோ! கதிரையை இழுத்துப் போட்டு, இருக்கச் சொல்லி, தேநீர் கொடுங்கள். எல்லையைப் பிறகு பார்க்கலாம்.

காணிக்கையோடு பீடத்தண்டை வரும்போது, சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்றார் ஆண்டவர். வரும் ஞாயிறு பூசையில் சமாதானம் சொல்லிக் கைகூப்பும்போது, பக்கத்து வாங்கில் நிற்பவர் உங்கள் வேலிக்கு அப்பால் இருப்பவராக இருக்கலாம். அவர் முகத்தை நேரே பார்க்க முடிகிறதா? முடியவில்லையென்றால், உயிர்த்த ஞாயிறுக்கு இன்னும் நாட்கள் இருக்கின்றன. கதியாலைப் பிடுங்கி நட ஒரு காலைப்பொழுது போதும்.