நடுவு நிலைமையும் அரசின் சொல்லும்: கார் நிக்கோபாரை முன்வைத்து

முன்னுரை

அரசுத் துறைகள் சமூக ஊடகங்கள் வழியே மக்களோடு நேரடியாகப் பேசும் காலம் இது. அவ்வாறு பேசுவது அரசா, ஆளுங்கட்சியா என்னும் ஐயம் எழுமிடத்து அறச்சிக்கல் தோன்றுகிறது. அதனை வள்ளுவர் கூறும் நடுவு நிலைமை கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விதியும் அறமும்

மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகள் (1964) அரசு ஊழியர் கட்சியில் சேர்வதையும் தேர்தல் பரப்புரை செய்வதையும் தடுக்கின்றன. அரசு விளம்பரங்கள் கட்சி நலனை வளர்த்தலாகாது என உச்ச நீதிமன்றம் 13.05.2015 அன்று நெறி வகுத்தது. குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி ஆகியோர் படங்களை மட்டுமே அனுமதித்தது. 2016இல் முதலமைச்சர், அமைச்சர் முதலியோர் படங்களுக்கும் இசைவளித்தது. ஓராண்டுக்குள் நெகிழ்ந்த விதியை மட்டும் நம்பி நடுவு நிலைமையைக் காத்தல் அரிது.

குறளில் நடுவு நிலைமை அதிகாரம் இல்லறவியலில் அமைந்துள்ளது. செங்கோன்மையோ பொருட்பாலில் தனியே கூறப்படுகிறது. எனவே நடுவு நிலைமை ஆள்வோருக்கு மட்டுமன்றி ஒவ்வொருவருக்கும் உரிய அறமாகிறது. சொல் கோணாதிருக்க உள்ளம் கோணாதிருத்தல் வேண்டும் என்பதும் அவ்வதிகாரத்தின் கருத்தாகும். துறையின் பக்கத்தில் ஒரு வரி எழுதும் அலுவலரும் இவ்வறத்திற்கு உட்பட்டவரே.

மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் திட்டத்தை விளக்குவது துறையின் கடமையன்றோ எனலாம். உண்மையே. பயன்பெறுவோர் யார், விண்ணப்பிப்பது எவ்வாறு, செலவு எவ்வளவு என்பன செய்தி. தலைவரைப் போற்றுவதும் மாற்றுக் கட்சியைப் பழிப்பதும் பரப்புரை.

கார் நிக்கோபார்

அந்தமான் நிக்கோபார் சட்டமன்றம் இல்லாத ஒன்றியப் பகுதி. அதற்கு மக்களவைத் தொகுதியும் ஒன்றே. நிக்கோபார் மாவட்டத் தலைமையிடமான கார் நிக்கோபாரில் வெளியார் நுழைவும் 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறையால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. இத்தகைய இடத்தில் நிருவாகத்தின் சொல்லுக்கு எடை மிகுதி.

26.12.2004 அன்று ஆழிப்பேரலை இத்தீவின் மலாக்கா முதலிய கரையோர ஊர்களையும் விமானப்படைத் தளத்தையும் சிதைத்தது. அன்று இந்தியப் பெருங்கடலுக்கென முன்னெச்சரிக்கை அமைப்பு இல்லை. ஐதராபாத்தில் 2007இல் இந்திய மையம் செயற்படத் தொடங்கியது. ஆயினும் எச்சரிக்கையைக் கேட்போர் நம்பினாலன்றி அது பயன்தராது. நேற்றுவரை ஒரு கட்சிக்காகப் பேசிய பக்கம் இன்று கரையைவிட்டு அகலுமாறு கூறின், மாற்றுக் கருத்துடையோர் தயங்கக்கூடும். நிலநடுக்கப் பகுதிக்கு அண்மையிலுள்ள தீவில் தயங்குவதற்குப் பொழுதில்லை.

முடிவுரை

நடுவு நிலைமை என்பதை வாய்மூடியிருத்தல் எனக் கொள்ளுதல் பொருந்தாது. தன் துறையின் குறையையும் உள்ளவாறு உரைப்பதே அதன் முழுமையாகும். எக்கட்சியினரும் ஐயமின்றிக் கேட்கத்தக்க சொல்லை அன்றாடச் செய்திகளில் பேணிவரும் துறையே இடர்வரும் நாளில் அனைவரையும் காக்க வல்லது.