ஆளைச் சோதிப்பது அவநம்பிக்கையா?

கடைக்கு ஆள் வேண்டும் என்று சொன்ன மறுநாளே நம் வீடு தேடி மூன்று சிபாரிசுகள் வந்து விடுகின்றன. மச்சான் மகன், மஹல்லாவில் பெரியவர் ஒருவரின் பேரன், ஹஜ்ஜுக்கு உடன் வந்தவருடைய தம்பி. "நல்ல பையன், ஐவேளைத் தொழுகையாளி" என்ற நற்சான்றும் கூடவே வரும். வந்தவனை ஒரு பில் எழுதச் சொல்லியோ, ஒரு கிலோ நிறுக்கச் சொல்லியோ பார்த்தால் சிபாரிசு செய்தவருக்கு முகம் சுண்டி விடுகிறது. "நம்ம பிள்ளையைப் போய்ச் சோதிக்கிறீர்களே, ஒரு முஃமினைப் பற்றி நல்லெண்ணம் வேண்டாமா?" என்கிறார். இந்தக் கேள்வியை நாம் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

வீணாகத் தீய எண்ணம் கொள்வது பாவம் என்பதில் ஐயமில்லை. ஸூரத்துல் ஹுஜுராத் அதனைக் கண்டிக்கிறது. ஆனால் அதே திருக்குர்ஆன், ஸூரத்துன்னிஸாவின் 6ஆவது ஆயத்தில், எத்தீம் பிள்ளைகளின் சொத்தை அவர்களிடம் ஒப்படைக்கும் முன்னர் அவர்களைச் சோதித்துப் பார்க்குமாறு கட்டளையிடுகிறது. சொத்தோ அப்பிள்ளையுடையது, சோதிப்பவரோ அவனைப் பொறுப்பேற்று வளர்த்த வலீ. அங்கே அவநம்பிக்கைக்கு இடம் ஏது? பிள்ளை ஏமாந்து விடக் கூடாதே என்ற பரிவினால் அல்லவா சோதனை! அவனவன் சொத்தை அவனவனிடம் கொடுப்பதற்கே இது தேவையென்றால், பிறருடைய பணத்தையும் சில வேளை உயிரையும் ஒருவன் கையில் கொடுக்கும்போது தேவையில்லை என்பது எப்படிப் பொருந்தும்?

அந்தச் சோதனையை எவ்வாறு நடத்துவது என்பதை நம் ஃபிக்ஹு மேதைகள் விவரித்திருப்பது கவனிக்கத் தக்கது. ஷாஃபிஈ மத்ஹபின் பிரபல நூலான மின்ஹாஜில் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் சொல்லுகிற முறை இது: வியாபாரியின் மகனை வாங்கல் விற்றலிலும் பேரம் பேசுவதிலும் சோதிக்க வேண்டும். விவசாயியின் மகனை விளைச்சலிலும் வேலையாட்களுக்குச் செலவிடுவதிலும், கைத்தொழில் செய்பவனை அவன் தொழிலிலும் பார்க்க வேண்டும். பெண்ணை நூற்பு முதலியவற்றிலும், உணவுப் பண்டங்களைப் பூனை வாய்க்குப் போகாமல் காப்பதிலும் பார்க்க வேண்டும். பூனையைக் கூட அவர்கள் விடவில்லை, பாருங்கள்! ஒரே தடவையில் முடிவு கட்டக் கூடாது, இரண்டு முறையாவது பார்க்க வேண்டும் என்பதும் நிபந்தனை. முதல் நாள் யாருக்கும் கை நடுங்கத்தானே செய்யும்? மேலும், பேரத்தைச் சிறுவன் பேசுவான்; வியாபாரத்தை முடிக்கும் கட்டம் வரும்போது வலீதான் முடிப்பார். ஹனஃபீ மத்ஹபிலோ, விவரமறிந்த சிறுவனுக்கு வலீ அனுமதி தந்தால் அவன் செய்யும் வியாபாரமே செல்லும். எப்படியிருப்பினும், சோதனையில் அவன் தடுமாறினால் பெரும் நஷ்டம் விளையாதபடி பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கிறார்.

நல்லவன் என்பது வேறு, வல்லவன் என்பது வேறு. ஹஜ்ரத் அபூதர் (ரலி) அவர்களைக் காட்டிலும் நேர்மையாளரை நாம் எங்கே தேடுவது? அன்னார் தமக்கு ஒரு பதவி தரும்படி கேட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களுடைய தோளில் தட்டி, நீர் பலவீனர், இதுவோ அமானத் என்று கூறி மறுத்து விட்டதாக முஸ்லிம் ஷரீஃபில் வருகிறது. அபூதர் (ரலி) அவர்களின் மதிப்பு அதனால் எள்ளளவும் குறையவில்லை.

அப்படியானால் சோதனையில் தேறாதவனின் வயிற்றுப் பிழைப்பு என்னாவது என்று கேட்கலாம். உண்மையில் இதுதான் கடினமான கேள்வி. ஹிஜ்ரி 319இல், அதாவது கி.பி. 931இல், பக்தாதில் ஒரு வைத்தியரின் தவறினால் நோயாளி ஒருவர் இறந்து போனார். கலீஃபா அல்முக்ததிர், தலைமை வைத்தியரான ஸினான் இப்னு தாபித்திடம் தேறாத எவரும் இனி வைத்தியம் செய்யக் கூடாதென்று உத்தரவிட்டார். 860க்கும் மேற்பட்டோர் சோதிக்கப்பட்டனர் என்று வரலாறு கூறுகிறது. அவர்களுள் ஒருவர் நல்ல உடையுடுத்திய கண்ணியமான முதியவர். ஸினான் மரியாதையாக அமர்த்தி, தங்களிடமிருந்து ஏதேனும் கேட்க விரும்புகிறேன் என்றார். முதியவரோ பொற்காசுகளை எடுத்து முன்னால் வைத்து, தமக்கு எழுதப் படிக்கவே தெரியாது, ஆனால் குடும்பம் இந்தத் தொழிலில்தான் சாப்பிடுகிறது, அதைத் துண்டித்து விடாதீர்கள் என்று கெஞ்சினார். ஸினான் சிரித்து விட்டு, தெரியாத நோயில் கை வைப்பதில்லை, இரத்தம் குத்தி எடுப்பதோ பேதிக்குக் கொடுப்பதோ எளிய நோய்களுக்கன்றிச் செய்வதில்லை என்ற நிபந்தனையின் பேரில் அனுமதித்தார். மறுநாள் ஓர் இளைஞன் வந்தான். யாரிடம் படித்தாய் என்று கேட்க, "என் தந்தையிடம்" என்றான். தந்தை யாரென்றால், நேற்று வந்த அதே முதியவர்! அதே நிபந்தனையின் பேரில் நீயும் போ என்று அனுப்பி விட்டார் ஸினான்.

இதைப் படிக்கும் எவரும் சிரிப்பார்கள். நமக்கும் சிரிப்பு வருகிறது. ஆயினும் நம் அபிப்பிராயத்தைச் சொல்லி விடுகிறோம். முதியவருக்குக் காட்டியது இரக்கம்; அவருக்குத் தெரிந்த அளவில் வேலையைக் குறுக்கிப் பிழைப்பையும் காத்தார், நோயாளிகளையும் காத்தார். மகனுக்குக் காட்டியதோ வெறும் சிபாரிசு. கற்றுக் கொள்ளும் வயதிலுள்ளவனைக் கற்றுக் கொண்டு வா என்று அனுப்பியிருக்க வேண்டாமா? நம் கடைகளில் மச்சான் மகனுக்கு நாம் செய்வதும் இதுவேதான்.

வளைகுடா நாடுகளுக்கு நம்மவர்கள் போகத் தொடங்கிய 1970களிலிருந்தே சென்னையிலும் பம்பாயிலும் 'டிரேட் டெஸ்ட்' நடந்து வருகிறது. கொத்தனார் ஒரு மூலைச் சுவரைக் கட்டித் தூக்குக்குண்டு பிடித்துக் காட்ட வேண்டும். வெல்டர் இரண்டு இரும்புத் துண்டுகளை ஒட்டிக் காட்ட வேண்டும். சவூதி அரசு 2021இல் தொடங்கிய திட்டத்தின்படி பல தொழில்களுக்கு எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் சொந்த நாட்டிலேயே நடத்தப்படுகின்றன. நகையை அடகு வைத்துப் போன பிறகு அங்கே தெரியவருவதை விட இங்கேயே தெரிவது எவ்வளவோ மேல். இவை தொழிலைத் தொழிலால் சோதிக்கும் முறைகள். மூட்டை தூக்குகிறவனை இங்கிலீஷில் கேள்வி கேட்பதும், பாங்கு சொல்ல வருபவரைக் குரலினிமைக்கு மட்டும் மதிப்பிட்டு மக்ரஜைக் கவனியாமல் விடுவதும் அந்த வகையில் சேரா. மேசை மேல் ரூபாய் நோட்டைப் போட்டு வைத்து, எடுக்கிறானா என்று மறைந்திருந்து பார்க்கும் சிலர் இருக்கிறார்கள். அது திறமைச் சோதனையன்று. ஏழையின் ஈமானுக்கு வலை விரிப்பது.

சோதனைக்காகச் செய்த வேலைக்குக் கூலி உண்டா? மத்யன் நகரின் கிணற்றடியில் மூஸா (அலை) அவர்கள் இரண்டு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டினார்கள். ஸூரத்துல் கஸஸின் 25, 26 ஆயத்துகளின் வரிசையைக் கவனியுங்கள். முதலில், தண்ணீர் புகட்டியதற்குக் கூலி கொடுக்கத் தந்தை அழைக்கிறார் என்று ஒருத்தி வந்து சொல்கிறாள். அதன் பின்னரே, இவரை வேலைக்கு வைத்துக் கொள்ளுங்கள், வலிமையும் நம்பிக்கையும் உள்ளவரே சிறந்த பணியாள் என்ற பேச்சு வருகிறது. அவர்கள் கூலியை எதிர்பார்த்துப் புகட்டவில்லை. அப்படியிருந்தும் கூலி முந்திக் கொண்டது.

டிரேட் டெஸ்டுக்காகக் கட்டிய மூலைச் சுவரை இடித்து விடுவார்கள். அதனால் எவருக்கும் இலாபமில்லை. ஆனால் நம் ஜவுளிக் கடைகளிலும் செருப்புக் கடைகளிலும் ரமலான் பிறை பதினைந்துக்கு மேல் நடப்பது என்ன? "பதினைந்து நாள் வேலையைப் பார்ப்போம், பிடித்தால் சம்பளம் பேசிக் கொள்ளலாம்" என்று ஏழை வீட்டுப் பையன்களைச் சேர்க்கிறார்கள். நோன்பு வைத்துக் கொண்டு இரவு ஸஹர் வரை நின்று விற்கிறார்கள். பெருநாள் கழிந்ததும், உனக்குச் சுறுசுறுப்புப் போதாது என்று சொல்லி ஒரு சட்டைத் துணியோடு அனுப்பி விடுகிறார்கள். அவன் விற்ற துணியின் இலாபம் கல்லாவில் இருக்கிறது! வேலையை முழுமையாக வாங்கிக் கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹு தஆலா எச்சரிப்பது புகாரீ ஷரீஃபில் இருக்கிறது. அவன் வைத்த பெயர் வேலையா சோதனையா என்பது அங்கே எடுபடுமா?

ஓர் ஆளின் கையைப் பார்க்க அரை நாள் போதும். மிஞ்சினால் இரண்டு நாள். அதற்கு மேல் நிறுத்துவதாயின் நாட்கூலி இவ்வளவு என்று முதலிலேயே பேசி விட வேண்டும். தேறவில்லையென்றால் எதில் தவறினான் என்பதை அவனைத் தனியே அழைத்து அன்றே சொல்லி விடலாம். சென்ற ரமலானில் அப்படி நிறுத்திய பையன் உங்கள் ஊரிலேயே இருப்பானாயின், அவனுடைய பதினைந்து நாள் கூலியைக் கணக்கிட்டு இந்த ரமலான் பிறைக்கு முன்பாகவே கொடுத்து விடுங்கள். அதை ஜகாத்தில் மட்டும் சேர்த்து விட வேண்டாம், அது கடன்.