உழுதவன் வில்லனான கதை

திரையிலே அவன் தோன்றியதும் கொட்டகை சீறுகிறது. ஏழையை ஏய்ப்பவன், பெண்ணைக் கடத்துபவன், இறுதிக் காட்சியில் விலங்கு பூட்டப்படுபவன்—அவனே வில்லன்! ஆங்கிலச் சொல்தான், எனினும் பட்டிதொட்டியெல்லாம் பழகிவிட்ட சொல். ஆனால் தோழர்களே, அந்தச் சொல் பிறந்த இடம் எது தெரியுமா? கொள்ளையர் குகையன்று, சூதாடிகளின் கூடாரமன்று. உழவன் வியர்வை சிந்திய வயல்!

இலத்தீன் மொழியில் 'வில்லா' என்றால் பண்ணை. பண்ணையோடு பிணைக்கப்பட்டவன் 'வில்லானுஸ்'. பிரெஞ்சு மொழியில் உருமாறிய அச்சொல், 1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மானியரின் ஆட்சியோடு ஆங்கிலத்திலும் குடியேறிற்று. 1086இல் வில்லியம் மன்னன் எடுப்பித்த 'டூம்ஸ்டே' நிலக் கணக்கேட்டிலே, மிகப் பெரிய கூட்டமாகப் பதிவானோர் இப்பெயருக்குரிய உழவர்களே.

அவர்கள் செய்த குற்றம் என்ன? வாரத்தில் சில நாட்கள் பிரபுவின் நிலத்தில் கூலியின்றி உழைத்தனர். மகளுக்கு மணம் முடிக்கப் பிரபுவுக்குப் பணம் கட்டினர். குடும்பத் தலைவன் மாண்டால், தொழுவத்தின் சிறந்த மாட்டைப் பிரபு ஓட்டிச் சென்றான். அனுமதியின்றிப் பண்ணையை விட்டு வெளியேறவும் உரிமையில்லை. சுரண்டியவன் பிரபு, சுரண்டப்பட்டவன் பெயரோ கயவனுக்குரிய பெயராயிற்று!

1381இல் அந்த உழவர்கள் கிளர்ந்தெழுந்தனர். வாட் டைலர் தலைமை தாங்கினார். பிறப்பிலே பிரபு ஏது, அடிமை ஏது என்று ஜான் பால் எனும் பாதிரியார் கேட்டார். பதினான்கு வயது மன்னன் இரண்டாம் ரிச்சர்டு, பண்ணையடிமை முறை ஒழிந்தது என்று பத்திரம் தந்தான். ஆபத்து நீங்கியதும் அதனைச் செல்லாதென்றான். டைலர் வெட்டுண்டார், ஜான் பால் தூக்கிலிடப்பட்டார். வாக்களித்து ஏய்த்தவன் மன்னன். 'வில்லன்' என்ற பெயர், வாக்கை நம்பியவனுக்கு!

"சொற்களின் பொருள் காலப்போக்கில் மாறுவது இயற்கைதானே, இதில் சூது எங்கே?" என்பர் சிலர். மாறுவது இயற்கைதான். எந்தத் திசையில் மாறிற்று என்பதே நம் கேள்வி. பழைய ஆங்கிலத்தில் 'நைட்', 'நேவ்' என்னும் இரு சொற்களுக்குமே 'சிறுவன்' என்பதுதான் பொருள். வாளேந்தி மன்னனுக்குப் பக்கத்தில் நின்றவன் 'நைட்' ஆனான். 'சர்' என்னும் சிறப்பும் பெற்றான். ஏவல் செய்தவன் 'நேவ்' ஆனான். அச்சொல்லுக்குப் பொருள் போக்கிரி! 'நோபிள்' என்ற சொல்லையும் பாருங்கள். உயர்குடிப் பிறப்புக்கும் அதுவே. உயர்ந்த குணத்துக்கும் அதுவே. பிறப்பையும் பண்பையும் ஒரே சொல்லிலே பூட்டிவைத்தனர். சொல்லுக்குப் பொருள் வழங்கும் உரிமை, ஏடும் கோலும் வைத்திருந்தவனிடம் இருந்தது. ஏர் பிடித்தவனிடம் இல்லை.

நம் மண்ணுக்கும் இதில் பங்குண்டு. பறை முழக்கிய மக்களின் பெயர், 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் 'பரையா' என நுழைந்தது. உலகம் ஒதுக்கிவைத்த நாட்டையும் ஆளையும் அச்சொல்லால் குறிக்கின்றனர். ஒதுக்கியது யார் குற்றம்? ஒதுக்கியவன் பெயரல்லவா வசைச்சொல்லாகியிருக்க வேண்டும்? ஒதுக்கப்பட்டவன் பெயர் ஆயிற்றே!

"பேசுகிறவர் மனத்தில் இழிவுபடுத்தும் எண்ணம் இல்லையே" என்று சமாதானம் கூறலாம். உண்மை, வில்லன் என்று சொல்லும்போது உழவனை எவரும் நினைப்பதில்லை. ஆதிக்கத்தின் முழு வெற்றியே அதுதான். எண்ணிச் செய்யும் இழிவை எதிர்த்து வழக்காடலாம். எண்ணாமலே நாவில் ஊறிவிட்ட இழிவை எதிர்க்க, முதலில் அதனைக் கண்டறிய வேண்டும்.

எனவே அகராதிகளைக் கொளுத்த வேண்டா, ஆராய்ந்து படியுங்கள். உழவனை மறந்துவிட்ட சொல்லைத் திரைக்கதைக்கு விட்டுவிடலாம். வாழும் மக்களின் பெயரை வசையாக்கும் சொல்லுக்கு மட்டும் நம் நாவிலும் ஏட்டிலும் இடமில்லை என்று உறுதி கொள்ளுங்கள். ஒரு சொல் எவரையேனும் தாழ்த்தும்போதெல்லாம் கேளுங்கள்: இந்தப் பெயரைச் சூட்டியவன் யார்? சுமந்தவன் யார்? அந்தக் கேள்வி எழும் இடத்திலேதான் பகுத்தறிவு தொடங்குகிறது.