நான்கு சுவர்களுக்கு அப்பால்

வீடு ஒருவனுக்கு உரியது. ஆனால், அவ்வீட்டில் மூளும் தீ அவனுக்கு மட்டும் உரியதன்று. தன் வீட்டில் தான் விரும்பியதை வைத்துக்கொள்ளும் உரிமை ஒருவனுக்கு எதுவரையில் உண்டு? கேட்பதற்கு எளிய வினாதான்; ஆழ்ந்து நோக்கினால், அறத்தின் ஆணிவேரையே தொடும் வினா அது.

குளுவாங்கிலிருந்து மெர்சிங் நோக்கிச் செல்லும் சாலையில், செம்பனைத் தோட்டங்கள் சூழ அமைந்துள்ளது காஹாங். எண்ணெயின் அருமை அவ்வூர் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதன்று. தாவர எண்ணெயால் இயந்திரத்தை இயக்கலாம் என்பதும் புதுமையன்று. 1900 ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலேயே நிலக்கடலை எண்ணெயால் டீசல் இயந்திரம் ஒன்று ஓடிக் காட்டியது. மலேசியாவில் 1980களில் செம்பனை எண்ணெயிலிருந்து டீசல் செய்யும் ஆய்வு தொடங்கியது; 2011 இல் ஐந்து விழுக்காட்டுக் கலப்பு எரிபொருள் விற்பனைக்கு வந்தது. ஆலையில் நடப்பதை வீட்டின் பின்புறக் கொட்டகையில் செய்து பார்க்கும் ஆர்வம் பல நாடுகளில் பலருக்கு எழுந்துள்ளது. பொரித்து எஞ்சிய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாமல் எரிபொருளாக்க முனைவது சிக்கனம். அம்முயற்சியைப் பழித்தல் தகாது.

ஆயினும், எண்ணெய் மட்டும் டீசலாகிவிடாது. அதற்கு மெத்தனாலும் எரிசோடாவும் வேண்டும். மெத்தனால் ஏறத்தாழ 11 பாகை செல்சியசிலேயே தீப்பற்றும் ஆவியை வெளியிடும். காஹாங்கின் குளிர்ந்த விடியற்காலைகூட அதற்கு வெப்பம் மிகுந்ததே. அதன் சுடரோ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படுவதரிது. சிறிதளவு உட்கொண்டாலும் பார்வை பறிபோகும், உயிரும் போகும். 2018 செப்டம்பரில் மலேசியாவில் மெத்தனால் கலந்த போலி மதுவை அருந்தி முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எரிசோடாவோ தோலையும் கண்ணையும் அரிப்பது. இவ்விரண்டும் கலக்கும்போது வெப்பம் எழுகிறது. இவற்றைப் பிளாஸ்டிக் கலன்களில் அடைத்து, குழந்தைகள் நடமாடும் இடத்தில் அடுக்கி வைப்பவன், ஆபத்தோடு ஒரே கூரையின்கீழ்க் குடியிருக்கிறான்.

இங்கே ஒரு தடை எழும். ஒவ்வோர் அடுப்பங்கரையிலும் எரிவாயுத் தோம்பு இருக்கிறதே, அது மட்டும் ஆபத்தில்லாததா? நியாயமான தடைதான். ஆனால், அத்தோம்பு அளவறிந்து, தரமறிந்து செய்யப்பட்டது. அடைப்பானும் சீராக்கியும் உடையது. இயல்பில் மணமற்ற அவ்வாயுவில், கசிந்தால் எவரும் உணரும்படி வேண்டுமென்றே ஒரு நாற்றம் கலக்கப்படுகிறது. அது தன்னைத் தானே அறிவிக்கும் ஆபத்து. வீட்டில் அது இருப்பதை அண்டை வீட்டாரும் தீயணைப்பு வீரரும் அறிவர். மறைவாக வைக்கப்பட்ட மெத்தனால் பீப்பாயை எவரும் அறியார். ஆகவே, வேறுபாடு ஆபத்துக்கும் ஆபத்தின்மைக்கும் இடையில் இல்லை. யாவரும் அறிந்து ஏற்ற ஆபத்துக்கும், ஒருவன் மறைத்துப் பிறர்மீது சுமத்திய ஆபத்துக்கும் இடையில் இருக்கிறது.

சுமத்தப்பட்ட ஆபத்தின் கொடுமையை ஜொகூர் கண்டிருக்கிறது. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. கொட்டிய கை ஒன்று; மூச்சுத் திணறியவர் ஆயிரக்கணக்கானோர். அவர்களுள் பள்ளிப் பிள்ளைகள் பலர். மார்ச் 13 அன்று அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. அதற்கும் முன்னர், 1991 மே 7 அன்று சுங்கை பூலோவில் வாணவெடித் தொழிற்சாலை ஒன்று வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சுற்றியிருந்த வீடுகளும் சிதைந்தன. அவ்வீடுகளில் வாழ்ந்தவர்கள் வெடிமருந்தைத் தொட்டவர்களல்லர்.

"காப்புறுதி இருக்கிறதே" என ஆறுதல் கொள்வாரும் உளர். காப்புறுதி என்பது யாது? 1666 இல் இலண்டன் மாநகர் தீக்கிரையான பின்னர் வளர்ந்த ஏற்பாடு தீக்காப்புறுதி. பலர் சிறுசிறு தொகை செலுத்தி, இடருற்ற சிலரைத் தாங்குவதே அதன் உட்பொருள். எனவே, ஆபத்தை மறைத்துக் காப்புறுதி பெறுபவன் நிறுவனத்தை மட்டும் ஏய்க்கவில்லை. தன்னைப்போல் பணம் கட்டிய ஏழை எளியவரையும் ஏய்க்கிறான். மலேசியாவின் 2013 ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டம், கேட்கப்படும் வினாக்களுக்குத் தவறான தகவல் தராதிருக்க உரிய கவனம் கொள்ளுமாறு காப்புறுதி எடுப்போரைப் பணிக்கிறது. வேண்டுமென்றே பொய்யுரைத்தவரின் ஒப்பந்தத்தை நிறுவனம் செல்லாததாக்கலாம். அப்போது வீடும் சாம்பல். பத்திரமும் வெறும் காகிதம்.

பணம் கிடைத்தாலும் என்ன? எரிந்த கூரைக்கு விலையுண்டு. எரிந்த கண்ணுக்கு விலையில்லை. மேலும், அந்த ஒப்பந்தத்தில் அண்டை வீட்டான் கையெழுத்திடவில்லை. 1868 இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. ஆலை உரிமையாளர் ஒருவர் தம் நிலத்தில் தேக்கிய நீர், அண்டையாரின் சுரங்கத்துள் பாய்ந்தது. அணை கட்டியதில் நேர்ந்த பிழை அவருடையதன்று; எனினும் இழப்புக்கு அவரே பொறுப்பென்று தீர்ப்பாயிற்று. தீங்கு விளைக்கக்கூடிய பொருளைத் தன் நிலத்துக்குக் கொண்டுவருபவன், அது எல்லை கடந்தால் விடை சொல்லியாக வேண்டும் என்பதே அதன் சாரம். மலேசிய நீதிமன்றங்களும் அறிந்த நெறி இது.

அஞ்சத் தக்கவற்றுக்கு அஞ்சுதல் அறிவுடையார் தொழில் என்பது வள்ளுவர் கருத்து. அவ்வச்சம் கோழைமையன்று, பிறர் உயிர்மீது கொண்ட மதிப்பு. ஆய்வு செய்ய விழைபவன் முறையான கூடத்தில், உரிய அனுமதியோடு, அறிந்தோர் மேற்பார்வையில் செய்யட்டும். எஞ்சிய எண்ணெயைச் சேகரிப்போரிடம் கொடுக்கட்டும். வரிசை வீடுகளில் ஒரு சுவர் இரண்டு குடும்பங்களுக்குப் பொது. அச்சுவரின் மறுபுறம் உறங்கும் குழந்தையிடம் எவரும் சம்மதம் கேட்டதில்லை. கேட்க இயலாத அந்தச் சம்மதமே, வீட்டுக்குரியவனின் உரிமைக்கு எல்லை.