மலையேறி ஈட்டும் அறம்

ஈகை நன்று என்பதை மறுப்பார் உலகில் இலர். ஆயினும், கொடுத்த பொருள் எவ்வழியில் வந்தது, யாருடைய தோள்கள் அதற்காகச் சுமை தாங்கின, இறுதியில் அது யாரிடம் சென்று சேர்ந்தது என்னும் மூன்றையும் ஆராய்வோர் மிகச் சிலரே. இக்காலத்தில் பெருகிவரும் ஓர் அறச்செயலைக் கொண்டு இதனைச் சிந்திப்போம்.

பெற்றோரை இழந்த இளைஞர்க்குக் கல்வியும் தொழிலும் அளித்து, அவர்களைத் தம் காலில் நிற்கச் செய்யும் பொருட்டு மலையேறி நிதி திரட்டும் வழக்கம் பல நாட்டாரிடம் உள்ளது. இதற்கு நேபாளத்தை நாடி வருவோர் பலர். அங்கே எவரெஸ்டுச் சிகரத்தின் அடிவார முகாம் 5,364 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அம்முகாம் வரை நடப்போரும், 8,849 மீட்டர் உயரமுள்ள சிகரத்தையே அடைய முயல்வோரும், “நாங்கள் ஏறுகிறோம், நீங்கள் இக்குழந்தைகளுக்கு உதவுங்கள்” என்று நண்பரையும் ஊராரையும் வேண்டுகின்றனர். கேட்டவர்களும் மனமுவந்து கொடுக்கின்றனர். இதில் குற்றம் யாது?

“இவர்கள் தம் இன்பத்திற்காகவும் புகழுக்காகவும் ஏறுகின்றனர், அநாதைகள் வெறும் சாக்கு” என்று சிலர் இகழ்வர். அவ்விகழ்ச்சியில் நாம் சேர மாட்டோம். மனிதர் செய்யும் நற்செயல்களில் பெரும்பாலானவை கலப்புள்ள மனத்தோடு செய்யப்படுபவையே. பசித்த குழந்தை, கொடுத்தவருடைய உள்ளத்தைச் சோதித்துப் பார்த்து உண்பதில்லை. ஆனால் குழந்தை கேளாத கேள்வியைக் கொடுப்பவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். நல்லெண்ணம் என்பது பிறர்க்கு நன்மையை விரும்புவது மட்டுமன்று. தன் செயலால் எவர்க்குத் தீங்கு நேரக்கூடும் என்று விழித்திருந்து பார்ப்பதும் ஆகும். விழிப்பில்லாத அன்பு, இருளில் வீசிய கல்லைப் போன்றது.

2014ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள், எவரெஸ்டு முகாமுக்கு மேலுள்ள கும்பு பனியருவியில் பெரும் பனிப்பாறை சரிந்து வீழ்ந்தது. நேபாளத் தொழிலாளர் 16 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ஷெர்ப்பா மக்கள். நம்மைப் போலவே புத்தரை வணங்குவோர். ஏற வந்தவர்களின் கூடாரத்தையும் உணவையும் கயிற்றையும் மேலே கொண்டுசெல்லும் பணியில் இருந்தவர்கள் அவர்கள். ஏறுபவர் அப்பனியருவியைச் சில முறையே கடக்கிறார். சுமப்பவரோ ஒரு பருவத்தில் பன்முறை கடக்கிறார். அன்று மாண்டவர்களின் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் உடனடி உதவியாக அரசு முதலில் அறிவித்தது நேபாள நாணயத்தில் 40,000 ரூபாய். அத்தொகையைக் கண்டு மலைத் தொழிலாளர் கொதித்தெழுந்தனர். அந்த ஒரே காலைப்பொழுதில் எத்தனை குழந்தைகள் தந்தையை இழந்தனர் என்பதை எண்ணிப் பாருங்கள். இவர்களும் அநாதைகள் அல்லரோ?

இனி, திரட்டிய பொருள் சென்று சேரும் இடத்தைப் பார்ப்போம். நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. அக்காலத்தில் தரகர் சிலர் ஹும்லா போன்ற தொலைதூர மலை மாவட்டங்களுக்குச் சென்று, “உங்கள் பிள்ளையைக் காட்மாண்டுவில் படிக்க வைப்போம்” என்று சொல்லி, ஏழைப் பெற்றோரிடம் பணமும் பெற்றுக்கொண்டு பிள்ளைகளை அழைத்துச் சென்றனர். தாயும் தந்தையும் உயிரோடிருக்க, அவர்கள் இறந்துவிட்டதாகப் பொய்ப் பத்திரம் எழுதப்பட்ட குழந்தைகளும் உண்டு. அந்நாட்டு விடுதிகளில் அநாதைகள் எனப்பட்ட பிள்ளைகளுள் பெரும்பாலோர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் உயிரோடிருந்தது பின்னர்த் தெரியவந்தது. வெளிநாட்டார் இரங்கிக் கொடுத்த பொருளே அவ்விடுதிகளை வளர்த்தது. இரக்கம் விலைபோகும் இடத்தில், இரங்கத்தக்கவர்களை உற்பத்தி செய்வோரும் தோன்றிவிடுகின்றனர்.

ஆகவே நாம் கூறுவது ஒன்றே: அநாதைகளின் பெயரால் செய்யப்படும் அறம், புதிய அநாதைகளை உண்டாக்கலாகாது. மலையேறி நிதி திரட்டுவோர் முதலில் தம் பயணச் செலவைத் தாமே ஏற்கட்டும். தம் சுமையைத் தூக்குபவர்க்குத் தக்க கூலியும் உடையும், அவர் வீழ்ந்தால் அவர் வீட்டுக்குக் காப்பும் இருப்பதை உறுதி செய்யட்டும். திரட்டியதை விடுதியின் சுவருக்குக் கொடுக்குமுன், அக்குழந்தைக்குத் தாயோ பாட்டியோ உளரா என்று கேட்கட்டும். இருப்பின், அவ்வீட்டிலேயே பிள்ளை வளர்ந்து படிக்க உதவுவது அன்றோ மேலான ஈகை?

இவ்வாறு செய்தல் இயலாததன்று. 1953இல் டென்சிங் நோர்கேயுடன் எவரெஸ்டு ஏறிய எட்மண்ட் ஹில்லாரி, தமக்குத் துணைநின்ற ஷெர்ப்பா மக்களின் வேண்டுகோளைக் கேட்டு, 1961இல் கும்ஜுங் ஊரில் பள்ளி கட்டினார். 1966இல் குண்டே ஊரில் மருத்துவமனை எழுந்தது. 1975இல் பாப்லு என்னும் ஊரில் மருத்துவமனை கட்டிக்கொண்டிருந்த அவரைக் காணப் புறப்பட்ட மனைவியும் இளைய மகளும் விமான விபத்தில் இறந்தனர். அத்துயரத்திற்குப் பின்னும் அவர் அப்பணியைக் கைவிடவில்லை. 2008இல் மறையும்வரை அம்மக்களோடு உறவாகவே இருந்தார். சிகரத்தில் அவர் நின்றது சில நிமிடங்கள். அடிவாரத்தில் உழைத்தது பல பத்தாண்டுகள்.

பிறருடைய இரக்கத்தின் முன் காட்சிப்பொருளாக நிற்பதன் துன்பம் நம்முள் பலர்க்குத் தெரியாததன்று. கொடுத்தவர் படத்தில் சிரிக்க, பெற்றவர் தலைகுனிந்து நிற்கும் ஈகை நமக்கு வேண்டா. மணிமேகலைக் காப்பியத்தின் ஆபுத்திரனை நினைவு கூர்வோம். பெற்ற தாயால் சோலையில் கைவிடப்பட்டு, பசுவின் பாலால் ஏழு நாள் உயிர் பிழைத்த குழந்தை அவன். அவனே வளர்ந்து, மதுரையில் ஆதரவற்றோர்க்கெல்லாம் உணவளித்தான். அமுதசுரபி முதலில் வந்தது அரசன் கைக்கு அன்று. அந்த அநாதையின் கைக்கே.

பெற்றவன் ஒருநாள் கொடுப்பவனாக எழுவானா? எழுவானாயின், அந்த ஈகை சிகரத்தை அடைந்துவிட்டது. இல்லையேல், எவ்வளவு உயரம் ஏறினாலும் அது இன்னும் அடிவாரத்திலேயே நிற்கிறது.