தந்தேன் என்ற சொல்

சில காலத்துக்கு முன்னர் ஓரிரவு, பழைய கையெழுத்துப் பிரதியொன்றின் ஒளிவருடிய பக்கங்களை அடுக்கி நூலொன்றுக்குப் பக்க அமைப்புச் செய்துகொண்டிருந்தேன். நினைவகம் குறைந்த பழைய கணினி. சொல்லொன்றில் ஐயம் வந்து சிறியதோர் அகராதிச் செயலியைத் திறந்தேன். அகராதி திறந்தது. பக்க அமைப்புச் செயலி திரையிலிருந்து மறைந்தது. எச்சரிக்கை ஏதுமில்லை. இரண்டு மணி நேர உழைப்பு போயிற்று. அந்தக் கணினியில் லினக்ஸை நிறுவித் தந்தவன் என் சகோதரியின் மகன். மறுநாள் வந்து கணினியின் பதிவுகளைப் பார்த்துவிட்டு, "மாமா, இது பழுதில்ல. சிஸ்டம்தான் அதக் கொன்டிருக்கு" என்றான்.

கொன்றது யார், ஏன் என்று தேடத் தொடங்கியபோதுதான் இது வெறும் பொறிநுட்ப விடயமல்ல என்று எனக்குப் பட்டது.

எமது பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்று அழைப்பவற்றுள் லினக்ஸுக்கு ஒரு குணமுண்டு. ஒரு செயலி நினைவகம் கேட்டால், அது பெரும்பாலும் "தந்தேன்" என்றே சொல்லும். உண்மையில் அப்போது எதையும் கொடுப்பதில்லை. அந்த இடத்தில் செயலி முதன்முதலாக எதையாவது எழுத முற்படும்போதுதான் இடம் ஒதுக்கப்படும். செயலிகள் கேட்பது அதிகம், பயன்படுத்துவது குறைவு என்பதால் இந்தக் கணக்கு வழமையாகச் சரிவரும். ஐம்பது சஹனுக்குச் சமைத்துவிட்டு ஐந்நூறு பேருக்குச் சொல்லியனுப்பும் கலியாண வீட்டுக்காரரின் கணக்குத்தான்.

எல்லோரும் வந்துவிட்டால்? முதலில் வன்தட்டில் ஒதுக்கிவைத்த இடத்துக்குச் சிலவற்றை மாற்றிப் பார்க்கும். அதுவும் போதாதபோது, ஒரு செயலியைத் தெரிந்தெடுத்துக் கொல்லும். அதற்கு அனுப்பப்படும் ஆணையைத் தடுக்கவோ, "இதைச் சேமித்துவிட்டு வருகிறேன்" என்று தவணை கேட்கவோ செயலியால் முடியாது.

யாரைத் தெரிவது? அந்த மதிப்பீட்டைச் செய்யும் நிரற்பகுதியின் பெயருக்குத் தமிழில் 'தீமை' என்று பொருள். ரிக் வான் ரியல் 1998-2000 காலப்பகுதியில் எழுதிய ஆரம்ப வடிவம் பல விடயங்களைச் சீர்தூக்கியது. அதிக இடம் பிடித்திருந்தால் புள்ளி கூடும். நெடுநேரம் உழைத்திருந்தால் குறையும். அதில் இன்னொரு விதியும் இருந்தது. மற்றவர்களுக்கு வழிவிட்டுத் தன் முறையைப் பின்தள்ளிக்கொண்ட செயலிக்குப் புள்ளி இரட்டிப்பாகும். விட்டுக்கொடுத்தவன் முக்கியமற்றவனாகத்தான் இருப்பான் என்ற ஊகம். அந்த வரியை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கணினிக்கு அப்பாலும் எத்தனை இடங்களில் அது எழுதாத சட்டமாக இருக்கிறது!

2010இல் இந்த நுணுக்கங்களெல்லாம் களையப்பட்டன. அதன் பிறகு அடிப்படை அளவுகோல் ஒன்றே: யார் அதிக இடம் பிடித்திருக்கிறார்? நெருக்கடியைத் தூண்டியது யார் என்பது பொதுவாகக் கேட்கப்படுவதில்லை. கடைசித் துளியைக் கேட்டது என் அகராதி. மாண்டது அதிகம் சுமந்துகொண்டிருந்த செயலி. ஒன்றைக் கொன்று பலவற்றைக் காப்பதென்றால் பெரியதைக் கொல்வதே சிக்கனம் என்பது எனக்கும் விளங்குகிறது. ஆனால் சிக்கனத்துக்கு ஏன் 'தீமை' என்று பெயர் வைக்க வேண்டும்?

விலக்குகளும் உண்டு. ஒவ்வொரு செயலிக்கும் -1000 முதல் 1000 வரை ஓர் எண்ணைக் குறித்து வைக்கலாம். -1000 என்றால் அதைத் தொடமாட்டார்கள். தன் எண்ணை உயர்த்திப் பலிக்கு முன்வர எவருக்கும் அனுமதியுண்டு. இயல்பான அளவுக்குக் கீழே தாழ்த்திக்கொள்ள அதிகாரம் வேண்டும். குரோம் உலாவி, திறந்த பக்கங்களைச் சுமக்கும் தன் பிள்ளைச் செயல்களின் எண்ணை உயர்த்தி வைக்கிறது. தாய் தப்பிக்கொள்ள, பிள்ளைகள் முதலில் போகும்.

2004இல் அன்ட்ரீஸ் பிரௌவர் என்ற நிரலாளர் இதைக் கேலி செய்து ஓர் உவமை சொன்னார். எரிபொருளைக் குறைத்துப் பறப்பது இலாபம் என்று ஒரு விமான நிறுவனம் கண்டுபிடிக்கிறது. எரிபொருள் தீர்ந்தால் பயணி ஒருவரை வெளியே எறிவதற்கு ஒரு பொறியும் அமைக்கிறது. பிறகு அதன் பொறியியலாளர்களுக்கு யாரை எறிவது என்ற ஆராய்ச்சியே வேலையாகிவிடுகிறது. அவருடைய குத்தல் எனக்குச் சரியாகவே படுகிறது. நாம் 'யாரை' என்று விவாதிக்கிறோம். 'ஏன் ஒப்புக்கொண்டாய்' என்று கேட்பதில்லை.

விண்டோஸ் அப்படி ஒப்புக்கொள்வதில்லை. நினைவகமும் வன்தட்டில் அதற்கென ஒதுக்கியதும் சேர்ந்த அளவுக்கு மேல் வாக்குக் கொடுக்காமல், "இல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். "இல்லை" என்று கேட்ட செயலிக்கு, கையிலுள்ளதைச் சேமிக்கவாவது ஒரு வாய்ப்பிருக்கும். "தந்தேன்" என்று கேட்டு மாண்ட செயலிக்கு அதுவுமில்லை.

லினக்ஸிலும் அந்தக் கண்டிப்பான வழி உண்டென்று அறிந்து மருமகனிடம் சொல்லி மாற்றுவித்தேன். இரண்டு நாள் நேர்மையாக வாழ்ந்தோம். நினைவகத்தில் இடம் மீதமிருக்கும்போதே செயலிகள் திறக்க மறுத்தன. பயன்படுத்தாமலே கேட்டு வாங்கி வைத்திருந்தவற்றுக்கெல்லாம் கணக்குப் பார்த்து, புதிதாய் வந்தவை வாசலிலேயே திருப்பியனுப்பப்பட்டன. அகராதியும் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் பழையபடியே வைக்கச் சொன்னேன். மருமகன் சிரித்தான். பக்க அமைப்புச் செயலியின் எண்ணை மட்டும் -1000 ஆக்கித் தரட்டுமா என்று கேட்டான். அப்படிச் செய்தால் அதற்குப் பதிலாக எது போகும் என்று கேட்டேன். "அது அந்த நேரத்திலதான் தெரியும் மாமா" என்றான். இன்னும் பதில் சொல்லவில்லை. இப்போதைக்கு ஐந்து நிமிடத்துக்கொரு தரம் சேமித்துக்கொள்கிறேன்.