ஆறுதல் சொல்லும் உரிமை

இத்தாலி நாட்டு மலைப்பகுதியில் லாக்குவிலா என்றொரு பழைய நகர் உண்டு. பதவி துறந்த திருத்தந்தை ஐந்தாம் செலஸ்தீனின் திருவுடல் அங்குள்ள பேராலயத்தில்தான் வைக்கப்பட்டுள்ளது. 1703-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சிதைந்து மீண்டும் எழுந்த நகர் அது. இரவில் தரை அசைந்தால் வீட்டைவிட்டு வெளியேறித் திறந்தவெளியில் விடியும்வரை காத்திருப்பது அம்மக்களின் தலைமுறை வழக்கம்.

2009-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் அங்கே சிறு நடுக்கங்கள் ஓயாமல் வந்தன. மார்ச் 31 அன்று அரசின் பேரிடர் வல்லுநர் குழு அந்நகரில் கூடியது. சிறு நடுக்கங்களால் நிலத்தடி ஆற்றல் கழிந்துகொண்டிருக்கிறது, ஆதலால் நிலைமை சாதகமானதே என்ற கருத்தைக் குடிமைப் பாதுகாப்புத் துறையின் உயர் அதிகாரி ஒருவர் தொலைக்காட்சிக்குத் தெரிவித்தார். கேட்க இனிமையான கருத்து. ஆனால் உண்மைக்குப் பொருந்தாதது. நிலநடுக்க அளவு ஓர் எண் கூடினால் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு பெருகுகிறது. 6.3 அளவுள்ள ஒரு நடுக்கத்திற்கு ஈடாக 4.3 அளவுள்ளவை ஆயிரம் வரவேண்டும்!

ஏப்ரல் 5 குருத்து ஞாயிறு. அன்றிரவு பதினொரு மணிக்கு முன்னும் நள்ளிரவுக்குப் பின்னும் தரை இருமுறை அசைந்தது. சிலர் பழைய வழக்கப்படி வெளியே சென்றனர். அதிகாரிகளின் சொல்லை நம்பியவர்கள் படுக்கைக்குத் திரும்பினர். அதிகாலை 3.32-க்கு 6.3 அளவில் பூமி குலுங்கியது. 309 பேர் மாண்டனர். பல்கலைக்கழக மாணவர் தங்கியிருந்த இல்லத்தின் ஒரு பகுதி இடிந்து, எட்டு இளைஞர் உயிரிழந்தனர். அந்த இடிபாடுகளின் முன் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அம்மாதம் 28-ஆம் நாள் வந்து நின்றார்.

அந்த இல்லம் 1960-களில் எழுந்த கட்டடம். இடிந்த பகுதியில் இருந்திருக்க வேண்டிய ஒரு தூணே இல்லை என்று பின்னர் ஆய்வாளர் கண்டனர். இடையில் சீரமைப்புப் பணியும் நடந்திருந்தது. சுவர் பூசியவர்கள் தூண்களை எண்ணவில்லை. 2013-இல் நீதிமன்றம் இதன் பொருட்டு நால்வருக்குத் தண்டனை விதித்தது.

வல்லுநர் குழுவின் மீதும் தனி வழக்கு நடந்தது. நிலநடுக்கத்தை முன்னறிவிக்காததற்காக விஞ்ஞானிகளைத் தண்டித்தார்கள் என்று உலகச் செய்தித்தாள்கள் பல எழுதின. அது சரியன்று. ஆபத்தைச் சரிவர மதிப்பிடாமல் மக்களுக்குத் தேறுதல் அளித்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. 2012-இல் எழுவரும் தண்டிக்கப்பட்டனர். 2014-இல் மேல்முறையீட்டில் விஞ்ஞானிகள் அறுவரும் விடுவிக்கப்பட்டனர். அந்த அதிகாரியின் தண்டனை இரண்டு ஆண்டாகக் குறைந்தது. சட்டத்தின் கணக்கு இவ்வாறு முடிந்தது. மனச்சான்றின் கணக்கு வேறு.

ஒருவரைத் தேற்றும்போது நாம் அவர் சார்பில் ஒரு முடிவை எடுத்துவிடுகிறோம். வெளியே போகலாமா என்று எண்ணியிருந்தவர் உள்ளே தங்கிவிடுகிறார். துயருற்றோர்க்கு ஆறுதல் கூறுவதையே பணியாகக் கொண்ட என்னைப் போன்றவர்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். முன்னோக்கையும் எச்சரிக்கையையும் புனித தோமா அக்குவினார் விவேகத்தின் கூறுகளாகவே வகுத்தார். நம் பேச்சு வழக்கிலோ எச்சரிப்பவன் அபசகுனக்காரன்.

வெளியேறும் வழி, கூடும் இடம், ஒத்திகை என்று திட்டம் தீட்டிவிட்டால் போதாதா என்பர் சிலர். நிற்கும் கட்டடத்திற்கே அத்திட்டம் உதவும். வலுவற்ற தூண்கள் நொடிப்பொழுதில் முறியும்போது படிக்கட்டை அடைய எவருக்கும் நேரமில்லை. ஆகவே கம்பியும் காங்கிரீட்டும் எப்படியுள்ளன என்ற ஆய்வு முதலில் வரவேண்டும். அதன் முடிவு அங்கே உறங்குவோரின் கைக்கு வரவேண்டும். பீதி பரவும், பணமில்லை, எல்லாவற்றையும் ஒரே நாளில் வலுப்படுத்த இயலாது என்பார்கள். பணமில்லை என்பது மெய்யாகவே இருக்கலாம். ஆனால் உண்மையைச் சொல்ல என்ன செலவு? அந்த இல்லத்து மாணவருக்குத் தூண் இல்லாத செய்தி தெரிந்திருந்தால், அன்று நள்ளிரவில் போர்வையுடன் கீழே இறங்கிப் போவதற்கு அவர்கள் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருந்திருக்காது.